மின்சாரக் கார்: புதிய உரிமையாளர் அறிய வேண்டியவை

நம் நாட்டின் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 சதவிகிதத்திற்கும் மேற்பட்ட பகுதி வெளிநாடுகளிலிருந்து இறக்குமதியாகிறது. இதற்கெனச் செலவாகும் அந்நியச் செலாவணி ஒருபுறம். நகரங்களின் காற்றில் கலக்கும் புகை மறுபுறம். இவ்விரு சுமைகளையும் குறைக்கும் வழிகளுள் ஒன்றாக மின்சார வாகனங்கள் கருதப்படுகின்றன. 2001ஆம் ஆண்டில் பெங்களூரில் தயாரான சிறிய ‘ரேவா’ கார் இத்துறையில் ஒரு தொடக்கமாக அமைந்தது. 2015இல் மத்திய அரசு ‘ஃபேம்’ திட்டத்தைத் தொடங்கியது. அதன் இரண்டாம் கட்டம் 2019 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை நடைபெற்றது. 2019 ஆகஸ்டில் மின்சார வாகனங்களின் மீதான சரக்கு, சேவை வரி 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘பி.எம். இ-டிரைவ்’ திட்டத்தில் பொது மின்னேற்ற நிலையங்களை அமைப்பதற்கென ரூ.2,000 கோடி ஒதுக்கப்பட்டது. பச்சை நிறப் பதிவெண் பலகை தாங்கிய கார்களை இன்று சிற்றூர்ச் சாலைகளிலும் காண முடிகிறது.

ஆனால் கார் வாங்குவதோடு பயன் முழுமையடைந்து விடுவதில்லை. பெட்ரோல் அல்லது டீசல் வண்டியில் பல்லாண்டு பழகியவர்கள் அதே பழக்கத்தோடு மின்சாரக் காரை ஓட்டும்போது, எதிர்பார்த்த தூரம் கிடைக்கவில்லை என்ற ஏமாற்றத்திற்கு ஆளாகின்றனர். வேறு சிலர் மின்கலத்தைப் பேணும் முறையை அறியாமல் அதன் ஆயுளைக் குறைத்து விடுகின்றனர். மின்கலம்தான் இக்காரின் மிக விலையுயர்ந்த உறுப்பு. ஆகவே, இவ்வண்டியின் இயல்பைப் புரிந்துகொண்டு ஓட்டுவது குடும்பத்தின் பணத்தையும் நாட்டின் வளத்தையும் ஒருசேரக் காப்பதாகும்.

யூனிட் கணக்கு

பெட்ரோல் காரில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்கிடுவது போல, மின்சாரக் காரில் யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்கிடுதல் வேண்டும். வீட்டு மின் கட்டணச் சீட்டில் காணும் அதே யூனிட்தான் இதுவும். நடுத்தர அளவுள்ள ஒரு கார் நகர்ப்புறத்தில் நிதானமாகச் செல்லும்போது ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் அளவில் ஓடும். அதன் மின்கலம் 30 யூனிட் கொள்ளளவு உடையதாயின், முழு ஏற்றத்தில் ஏறத்தாழ 210 கிலோமீட்டர் செல்லலாம். அதே காரை நெடுஞ்சாலையில் விரைவாக ஓட்டி, யூனிட்டுக்கு 5 கிலோமீட்டராகக் குறைந்தால், தூரம் 150 கிலோமீட்டராகச் சுருங்கிவிடும்.

விளம்பரங்களில் காணப்படும் தூரம் ஆய்வுக்கூடத்தில், வரையறுக்கப்பட்ட ஓட்டமுறைப்படி அளந்து சான்றளிக்கப்படுவது. சாலையில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நான்கில் மூன்று பங்கு வரை கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவதே பாதுகாப்பானது. முகப்புத் திரையில் ‘இன்னும் இத்தனை கிலோமீட்டர்’ என்று தோன்றும் எண்ணும் ஒரு மதிப்பீடே. சற்று முன்னர் வண்டி எவ்வாறு ஓட்டப்பட்டதோ அதைக் கொண்டு அது கணக்கிடப்படுகிறது. மெதுவான நகர ஓட்டத்திற்குப் பின் நெடுஞ்சாலையில் ஏறியவுடன் அவ்வெண் வேகமாக இறங்குவது இதனால்தான். எனவே, மின்கலத்தின் சதவிகித இருப்பையும் யூனிட் ஒன்றுக்கான தூரத்தையும் கவனிக்கும் பழக்கத்தை உரிமையாளர் முதல் மாதத்திலேயே ஏற்படுத்திக்கொள்வது நலம்.

ஓட்டும் முறை

மின் மோட்டார் சுழலத் தொடங்கிய கணத்திலேயே முழு விசையையும் அளிக்க வல்லது. பெட்ரோல் எஞ்சினைப் போல வேகம் கூடிய பிறகு விசை பெருகுவது இதில் இல்லை. ஆகையால் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் வண்டி எதிர்பாராத வகையில் பாய்ந்துவிடக்கூடும். நெரிசலான தெருவிலும், வண்டி நிறுத்துமிடத்திலும் இது விபத்திற்கு வழிகோலும். டயர்களும் விரைவில் தேயும். மின்கலத்தின் எடை காரணமாக இவ்வகைக் கார்கள் ஒத்த அளவுள்ள பெட்ரோல் கார்களைவிடக் கனமானவை என்பதால் டயர்களின் மீது சுமை ஏற்கெனவே அதிகம். சிக்கன ஓட்டத்திற்கென அமைந்த ‘எக்கோ’ நிலையில் முதல் சில வாரங்கள் ஓட்டிப் பழகுவது புதியவர்களுக்கு ஏற்றது.

இவ்வண்டிகளின் தனிச்சிறப்பு, வேகம் குறையும்போது ஆற்றலைத் திரும்பப் பெறுவதாகும். ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், சக்கரங்கள் மோட்டாரைச் சுழற்றுகின்றன; மோட்டார் அப்போது மின்னாக்கியாக மாறி மின்கலத்திற்கு மின்சாரத்தை அனுப்புகிறது. பெட்ரோல் காரில் பிரேக் கட்டைகளின் உராய்வில் வெப்பமாக வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதி இங்கே மீட்கப்படுகிறது. இதன் பயனை முழுமையாகப் பெற, முன்னே உள்ள சாலையை நெடுந்தூரம் நோக்கி ஓட்ட வேண்டும். சிவப்பு விளக்கு எரிவதைத் தொலைவிலேயே கண்டு காலை மெல்ல எடுக்கும் ஓட்டுநர், அருகில் வந்து பிரேக்கை அழுத்துபவரைவிட அதிக ஆற்றலை மீட்கிறார். மீட்பின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் பல கார்களில் வசதி உண்டு. நகர நெரிசலில் கூடுதல் அளவு பயன்படும். மழையில் வழுக்கும் சாலையிலோ மணல் படிந்த வளைவிலோ குறைந்த அளவே தக்கது; திடீரென விழும் இழுவையால் சக்கரம் சறுக்க இடமுண்டு.

உராய்வு பிரேக்கின் உபயோகம் குறைவதால் அதன் கட்டைகள் நீண்ட நாள் உழைக்கும். ஆயினும் அடிக்கடி பயன்படாத பிரேக் தட்டுகளில் துரு படியலாம். குறிப்பாகக் கடலோர ஊர்களில், வாரத்தில் சில முறையேனும் பிரேக்கை நன்கு அழுத்தி ஓட்டுதல் நல்லது.

வேகமே ஆற்றலை மிகுதியாக உண்பது. காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடி விகிதத்தில் பெருகும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தைவிட 100 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒன்றரை மடங்குக்கும் சற்று அதிகம். கூரையின் மேல் சாமான் கட்டுவதும், சன்னல்களைத் திறந்துகொண்டு விரைந்து ஓட்டுவதும் இவ்வெதிர்ப்பை மேலும் கூட்டும். தயாரிப்பாளர் குறித்துள்ள அளவுக்கு டயரில் காற்று இல்லாவிடில் உருளும் எதிர்ப்பும் சேர்ந்துகொள்ளும். இரு வாரங்களுக்கு ஒருமுறை காற்றழுத்தத்தைச் சரிபார்ப்பதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். அதனால் விளையும் சேமிப்போ ஆண்டு முழுவதும் நீடிப்பது.

மற்றொரு கடமையும் ஓட்டுநருக்கு உண்டு. குறைந்த வேகத்தில் மின்சாரக் கார் ஏறக்குறைய ஓசையின்றிச் செல்லும். தெருவில் நடப்போரும், விளையாடும் சிறுவரும், பார்வையற்றோரும் வண்டி வருவதை உணரமாட்டார்கள். கால்நடைகளும் அவ்வாறே. பின்னோக்கி எடுக்கும்போதும், பள்ளி அருகிலும், சந்தைத் தெருவிலும் இரட்டிப்புக் கவனம் தேவை.

மேடும் பள்ளமும்

மலைப்பாதையில் செல்வோர் ஓர் எளிய கணக்கை நினைவிற் கொள்ளலாம். ஆட்களோடு சேர்ந்து 1,600 கிலோ எடையுள்ள காரை 100 மீட்டர் உயரத்திற்கு ஏற்ற, ஏறத்தாழ 0.44 யூனிட் தேவை. இயந்திர இழப்பு இதற்குப் புறம்பு. டேராடூனிலிருந்து மசூரிக்கு 35 கிலோமீட்டர் தூரந்தான். ஆனால் ஏறவேண்டிய உயரம் 1,300 மீட்டருக்கும் அதிகம். சமவெளியில் 35 கிலோமீட்டருக்கு 5 யூனிட் போதுமெனில், இப்பாதையில் உயரத்திற்கு மட்டுமே மேலும் 6 யூனிட் அளவில் செலவாகும். தூரத்தை மட்டும் பார்த்துப் புறப்படுபவர் நடுவழியில் கவலைப்பட நேரும்.

இறங்கும் போது நிலைமை தலைகீழாகிறது. சேர்த்து வைத்த உயரம் வண்டியை உருட்டுவதோடு மின்கலத்தையும் ஓரளவு நிரப்பும். கீழே வந்து சேரும்போது இருப்பு, புறப்பட்ட போது இருந்ததைவிடச் சற்றுக் கூடியிருப்பதும் உண்டு. இங்கே ஓர் எச்சரிக்கை: மலையுச்சியில் தங்கும் இடத்தில் மின்கலத்தை 100 சதவிகிதம் நிரப்பிக்கொண்டு இறங்கலாகாது. நிரம்பிய மின்கலத்தில் மீண்டு வரும் மின்சாரத்திற்கு இடமில்லை. ஆகவே ஆற்றல் மீட்பு குறைந்து, முழுச் சுமையும் உராய்வு பிரேக்கின் மீது விழும். பழக்கப்பட்ட இழுவை இல்லாததால் ஓட்டுநரும் தடுமாற நேரும். 80 சதவிகிதத்தோடு இறங்குவதே பொருத்தமானது.

மும்பை–புணே விரைவுச் சாலையிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். கடல் மட்டத்திலிருந்து கண்டாலா மலைச்சரிவின் மேலேறிப் புணே செல்லும்போது கூடுதல் யூனிட்டுகள் செலவாகும்; திரும்பும்போது அதே தூரத்திற்குக் குறைவாகவே செலவாகும். போகும் வழியின் கணக்கைத் திரும்பும் வழிக்குப் பொருத்துவது பிழையாகும்.

வெயில், குளிர், மழை

லித்தியம் அயனி மின்கலம் மிகுந்த வெப்பத்தையும் கடுங்குளிரையும் விரும்புவதில்லை. இராசஸ்தானத்திலும் விதர்ப்பாவிலும் கோடையில் வெப்பநிலை 45 பாகையைத் தொடும் நாட்களில் வண்டியை நிழலில் நிறுத்துதல் வேண்டும். நெடுந்தூரம் ஓடி வந்ததும் மின்கலம் சூடாக இருக்கும். சற்று ஆறவிட்டுப் பின்னர் மின்னேற்றுவது நன்று. குளிர்சாதனத்தைப் பயன்படுத்த அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் வெயிலில் கொதிக்கும் வண்டியைக் குளிர்விக்கும் முதல் சில நிமிடங்களில்தான் மின்செலவு அதிகம். மின்னேற்றக் கருவியோடு இணைந்திருக்கும்போதே உட்புறத்தைக் குளிர்வித்துக்கொண்டு புறப்பட்டால் அச்செலவு மின்கலத்தின் மீது விழாது.

சிம்லா, மணாலி, லே போன்ற இடங்களில் குளிர்காலத்தில் மின்கலத்தினுள் வேதிவினை மந்தமடைகிறது, தூரம் குறைகிறது. பெட்ரோல் காரில் எஞ்சினின் வீண் வெப்பமே உட்புறத்தைச் சூடாக்கும். மின்சாரக் காரிலோ அவ்வெப்பத்தையும் மின்கலமே தரவேண்டும். உறைநிலைக்குக் கீழே மின்னேற்றமும் மிக மெதுவாகவே நடைபெறும். மின்கலத்தைக் காக்கும் பொருட்டு வண்டியின் கட்டுப்பாட்டுக் கருவியே மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். இது பழுதன்று.

மழைக்காலத்தில் சாதாரண நீர்த்தேக்கத்தைக் கடப்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை. மின்கலப் பெட்டிகள் பெரும்பாலும் ‘ஐ.பி. 67’ என்ற தர அளவின்படி, ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்குமாறு சோதிக்கப்பட்டவை. எனினும் இது புதிய, பழுதற்ற பெட்டிக்குப் பொருந்தும் சோதனை. வெள்ளத்தில் ஓட்டுவதற்கான அனுமதி அன்று. ஆழம் தெரியாத நீரில் இறங்கலாகாது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை இயக்கவோ மின்னேற்றவோ முயலாமல், பணிமனைக்குத் தகவல் தருதல் வேண்டும். வண்டியின் அடிப்பாகம் கல்லிலோ மேட்டிலோ பலமாக மோதியிருந்தாலும் மின்கலப் பெட்டியைச் சோதிப்பது அவசியம்.

வீட்டில் மின்னேற்றம்

பெரும்பாலான உரிமையாளர்களுக்கு வீடே முதல் மின்னேற்ற நிலையம். 16 ஆம்பியர் பிளக் மூலம் மணிக்கு ஏறத்தாழ 3 யூனிட் ஏற்றலாம். 30 யூனிட் மின்கலம் பத்தில் ஒரு பங்கிலிருந்து நிரம்பச் சுமார் 10 மணி நேரம், அதாவது ஓர் இரவு, ஆகும். சுவரில் பொருத்தும் 7.2 கிலோவாட் கருவியில் இது நான்கு மணி நேரத்திற்குச் சற்று அதிகம். அன்றாடம் 40 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு நாளொன்றுக்கு 6 யூனிட் போதும். இதற்குச் சாதாரண 16 ஆம்பியர் இணைப்பே தாராளமானது.

இங்கே பாதுகாப்பில் சமரசம் கூடாது. பல மணி நேரம் தொடர்ந்து முழு மின்னோட்டம் பாய்வதால் தளர்ந்த பிளக்கும் மெல்லிய கம்பியும் சூடேறித் தீப்பற்ற நேரும். மின்பலகையிலிருந்து நேராக வரும் தனிக் கம்பி, அதற்கெனத் தனி எம்.சி.பி., மின்கசிவு நேர்ந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் பாதுகாப்புக் கருவி, நல்ல ‘எர்த்’ இணைப்பு ஆகிய நான்கும் இன்றியமையாதவை. எர்த் சரியில்லாவிடில் பல கார்கள் மின்னேற்றத்தையே ஏற்பதில்லை. நீட்டிப்புக் கம்பிகளையும் பல துளை பிளக்குகளையும் அறவே தவிர்த்தல் வேண்டும். வீட்டிற்கு அனுமதிக்கப்பட்ட மின்பளுவை மின் வாரியத்தில் விசாரித்து, தேவையாயின் உயர்த்திக்கொள்ள வேண்டும்.

எந்நேரத்தில் ஏற்றுவது என்பதும் கவனிக்கத்தக்கது. 2023இல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள், நேரத்திற்கேற்ற கட்டண முறைக்கு வழி செய்துள்ளன. அதன்படி சூரிய ஒளி மின்சாரம் மிகுந்த பகல் நேரத்தில் கட்டணம் 10 முதல் 20 சதவிகிதம் வரை குறைவாகவும், உச்சத் தேவை நேரத்தில் கூடுதலாகவும் அமையும். இம்முறை நடைமுறையில் உள்ள இடங்களில், மாலையில் வீடு திரும்பியவுடன் இணைக்காமல், நேரக் கட்டுப்பாட்டை அமைத்துப் பின்னிரவிலோ பகலிலோ ஏற்றினால் உரிமையாளருக்கும் ஆதாயம். மின் அமைப்பிற்கும் ஆறுதல்.

நெடும்பயணம்

வெளியூர் புறப்படுமுன் வழியிலுள்ள மின்னேற்ற நிலையங்களைக் கைபேசிச் செயலியில் அறிந்துகொள்ளலாம். ஆயினும் ஒரே நிலையத்தை நம்பிச் செல்வது அறிவுடைமை ஆகாது. கருவி பழுதாகியிருக்கலாம், மின்தடை இருக்கலாம், முன்னே இருவர் காத்திருக்கலாம். ஒவ்வொரு நிறுத்தத்திற்கும் மாற்று நிலையம் ஒன்றைக் குறித்துக்கொண்டு, இருப்பு 20 சதவிகிதத்திற்குக் குறையுமுன்னரே அதை அடையுமாறு திட்டமிடுதல் வேண்டும். இணைப்பின் வகையையும் முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். இன்றைய கார்களில் பெரும்பாலானவை ‘சி.சி.எஸ். 2’ வகை விரைவு இணைப்பைக் கொண்டவை. தொடக்க கால நிலையங்களில் அமைந்த ‘பாரத் டி.சி. 001’ இணைப்பு அவற்றிற்குப் பொருந்தாது.

விரைவு மின்னேற்றத்தில் 80 சதவிகிதம் வரை வேகமாக ஏறும். அதன் பிறகு மின்கலத்தைக் காக்க வேகம் குறைக்கப்படும். கடைசி 20 சதவிகிதம் ஏற ஆகும் நேரம், அதற்கு முன் ஏறிய பெரும்பகுதிக்கு ஆன நேரத்தை எட்டிவிடவும் கூடும். ஆகவே ஒருமுறை முழுமையாக நிரப்பக் காத்திருப்பதைவிட, 80 சதவிகிதத்தில் புறப்பட்டு மீண்டும் ஒருமுறை நிறுத்துவது பெரும்பாலும் பயண நேரத்தைக் குறைக்கும். வரிசையில் நிற்கும் அடுத்தவருக்கும் இது உதவி. ஏற்றம் முடிந்த பின்னும் இடத்தை மறித்து நிற்பது நாகரிகமன்று.

மின்கலத்தின் ஆயுள்

பல தயாரிப்பாளர்கள் மின்கலத்திற்கு எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் அளிக்கின்றனர். அக்காலத்திற்கு மேலும் அது உழைப்பது பெரும்பாலும் பழக்கத்தைப் பொறுத்தது. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த வகையாயின், அன்றாட உபயோகத்தில் 20 முதல் 80 சதவிகிதத்திற்குள் வைத்திருப்பது சிறந்தது. நெடும்பயணத்தின் முன்பு மட்டும் முழுமையாக நிரப்பலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைக்கு வாரம் ஒருமுறை முழு ஏற்றம் செய்யுமாறு பல தயாரிப்பாளர்கள் கூறுகின்றனர். இருப்பைச் சரியாக அளக்க அது துணை செய்கிறது. எவ்வகை என்பதைக் கையேட்டில் பார்த்து அதன்படி நடப்பதே முறை. விரைவு மின்னேற்றத்தைப் பயணங்களுக்கென ஒதுக்கி, மற்ற நாட்களில் வீட்டிலேயே மெதுவாக ஏற்றுவது மின்கலத்திற்கு இதமானது. வாரக்கணக்கில் வண்டியை நிறுத்த நேர்ந்தால் 50 சதவிகித அளவில் விட்டுச் செல்லலாம். முழுவதும் நிரம்பியோ வற்றியோ விடலாகாது.

பெரிய மின்கலத்தைக் கவனிக்கும் உரிமையாளர்கள் 12 வோல்ட் சிறு பாட்டரியை மறந்து விடுவதுண்டு. விளக்குகளையும் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் உயிர்ப்பிப்பது அதுவே. அது தளர்ந்தால், பெரிய மின்கலம் நிரம்பியிருந்தும் வண்டி அசையாது.

இடர் நேர்ந்தால்

வழியில் வண்டி நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுத்துச் செல்வது கூடாது. சக்கரங்கள் சுழலும்போது மோட்டார் மின்சாரத்தை உண்டாக்கி, மின் உறுப்புகளுக்குச் சேதம் விளைவிக்கக்கூடும். தட்டையான மேடையுள்ள மீட்பு வண்டியில் ஏற்றிச் செல்வதே சரியான முறை. ஆரஞ்சு நிற உறையிட்ட கம்பிகள் உயர் அழுத்த மின்சாரம் பாய்பவை. பயிற்சியற்றவர் அவற்றைத் தொடலாகாது. மின்கலத்திலிருந்து புகையோ சீறும் ஒலியோ எழுந்தால், அனைவரும் உடனே இறங்கி விலகி நின்று, 112 எண்ணில் தீயணைப்புத் துறையை அழைப்பதோடு, அது மின்சார வாகனம் என்பதையும் தெரிவிக்க வேண்டும். லித்தியம் மின்கலத் தீ அணைந்தது போல் தோன்றி மீண்டும் மூள்வது உண்டு. தீப்பற்றிய நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து 2022இல் மின்கலப் பாதுகாப்புத் தரங்கள் கடுமையாக்கப்பட்டன. ஆயினும் அனுமதியற்ற இடங்களில் கம்பிகளைத் திருத்தி, கூடுதல் விளக்குகளும் ஒலிபெருக்கிகளும் பொருத்துவோர் அப்பாதுகாப்பைத் தாமே அழித்து விடுகின்றனர். உத்தரவாதத்தையும் இழக்க நேர்கிறது.

ஓட்டுநரின் பங்கு

நம் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தே பெறப்படுகிறது. எனவே, வீணாகும் ஒவ்வொரு யூனிட்டும் எங்கோ ஓர் அனல் மின் நிலையத்தின் புகையாகவே முடிகிறது. மின்கலத்திற்கு வேண்டிய லித்தியமும் கோபால்ட்டும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருபவை. காலத்திற்கு முன்பே ஒரு மின்கலம் பயனற்றுப் போவது, எண்ணெய் இறக்குமதியைக் குறைத்து வேறொன்றின் இறக்குமதியைப் பெருக்குவதற்கு ஒப்பாகும். 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பயன் தீர்ந்த மின்கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது சுமத்தியுள்ளன. அவற்றைப் பழைய இரும்புக் கடையில் போடாமல் உரிய வழியில் ஒப்படைப்பது உரிமையாளரின் பொறுப்பு.

அரசின் சலுகையும் தொழிற்சாலையின் திறனும் வண்டியை வீட்டு வாசல் வரைதான் கொண்டு வந்து நிறுத்த முடியும். அதன் பின்னர் நிதானமான வேகம், முன்னோக்கிய பார்வை, சரியான காற்றழுத்தம், பாதுகாப்பான மின் இணைப்பு, அளவான மின்னேற்றம் என்னும் ஐந்தும் ஓட்டுநரின் கையில் உள்ளன. செலவில்லாமல் பழகக்கூடிய இவ்வழக்கங்களே மின்சாரக் காரிலிருந்து முழுப் பயனையும் பெற்றுத் தருவன.